மூன்று பேர் எழுந்தால்

இராஜமாணிக்கம் தன் வாழ்நாளில் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. நாலு பேர் கூடி ஒரு முடிவு செய்தால், அது தனக்குப் பிடிக்காத முடிவாக இருந்தாலும் மறுபேச்சுப் பேசியதில்லை. இப்படிப்பட்ட மனிதரால்தான் அவருடைய சொந்த அக்கா வீட்டை இழந்தாள் என்று சொன்னால், அவரை அறிந்தவர்களுக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும். வரட்டும். அது அவருக்கே தெரிந்த விஷயம்தான்.

அவர் பிறந்தது கல்லுமலை ரப்பர் தோட்டத்தில். சுவா என்ற சிற்றூரைத் தாண்டி உள்ளே திரும்பி, செம்மண் சாலையில் இரண்டு மைல் போனால் தோட்டத்து ஆபீஸ். அதன் பின்னால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த ஆறு லயங்கள், மேட்டின் மேல் மாரியம்மன் கோயில். 1971இல் இராஜமாணிக்கத்துக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, திருவிழாக் கூட்டத்தில் கரகம் எந்த லயத்திலிருந்து புறப்படுவது என்று பேச்சு வந்தது. பேச்சு தடித்தது. ஒருவன் இன்னொருவனின் தாயைப் பேச்சில் இழுத்தான். யாரோ ஒருவன் பால்மரம் வெட்டும் கத்தியை எடுத்து வீசினான். விலக்கிவிடப் போன இராஜமாணிக்கத்தின் அப்பாவுக்கு வலது மணிக்கட்டில் விழுந்தது வெட்டு. சண்டை போட்ட இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அந்தக் கை அதன் பிறகு ஒரு டம்ளரைக்கூடத் தூக்கவில்லை. அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அக்கா ராக்கம்மாவுக்கு அப்போது பதினைந்து வயது. மறுவாரமே அவள் அப்பாவின் கத்தியைத் தீட்டிக்கொண்டு, அப்பாவின் வாளிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, அப்பா வெட்டிய மரங்களிலேயே பால் வெட்டப் போனாள். தம்பி பள்ளிக்கூடம் போனான். இதை அவள் ஒரு தியாகமாக ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் அவருக்கு இப்போது கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அந்த வெட்டுக்குப் பிறகு தோட்டமே அரண்டுபோய்க் கோயிலடியில் கூடி ஒரு விதி வைத்தது. கூட்டத்தில் ஏதாவது பேச்சு சண்டைக்குப் போகும் என்று தோன்றினால், வெவ்வேறு லயத்தைச் சேர்ந்த மூன்று பேர் வாய் திறக்காமல் எழுந்து நிற்க வேண்டும். மூன்று பேர் எழுந்தால் பேச்சு அந்த இடத்தில் நின்றுவிட வேண்டும். பாதி வார்த்தை வாயில் இருந்தாலும் விழுங்கிக்கொள்ள வேண்டியதுதான். இதில் இன்னொரு பாதியும் உண்டு. நிறுத்தப்பட்ட பேச்சைத் தூக்கிக்கொண்டு யாரும் வீடு வீடாகப் போகக் கூடாது. போனால் அந்தக் குடும்பம் ஒதுக்கி வைக்கப்படும். கோயிலில் அவர்கள் கொடுக்கும் எண்ணெயைக்கூட வாங்க மாட்டார்கள்.

அதன் பிறகு அந்தக் கோயிலடியில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அடங்கிய பேச்சுகளில் அடங்கவே கூடாத பேச்சும் இருந்தது. மேஸ்திரி வேலை பார்க்கும் மண்டோர் ஒருவன் காட்டில் தன் கையைப் பிடித்து இழுத்தான் என்று ஒரு பெண் கூட்டத்தில் சொல்ல ஆரம்பித்தாள். அவள் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று ஆண்கள் எழுந்துவிட்டார்கள். பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எழுந்ததாகச் சரித்திரமே இல்லை. இராஜமாணிக்கம் அன்று அங்கே இருந்தான். மனது என்னவோ செய்தது. ஆனால் அப்பாவின் கையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த விதி சாமி மாதிரி. சாமியிடம் யார் கேள்வி கேட்பது?

படித்து முடித்து 1980இல் அவர் அதே தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாகச் சேர்ந்தார். லயத்துப் பையன் ஆபீசில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்ததில் ராக்கம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. விடிகாலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது ஆபீஸ் ஜன்னலை எட்டிப் பார்க்காமல் அவள் ஒருநாளும் கடந்ததில்லை. அவளுக்குக் கல்யாணமும் ஆயிற்று. நான்கே வருடத்தில் புருஷன் காய்ச்சலில் போனான். பிள்ளை இல்லை. மூன்றாம் லயத்தில் ஏழாம் வீடு மட்டும் அவளுக்கு மிச்சம்.

1984இல் அப்போதைய தோட்டத்துத் துரை ஒரு கடிதம் கொடுத்தார். தோட்டம் என்றைக்காவது கைமாறினால், பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீடு கட்டிக்கொள்ள ஒரு துண்டு நிலம் தரப்படும் என்று அதில் இருந்தது. அதைத் தட்டச்சு செய்தது இராஜமாணிக்கம்தான். இரண்டு கார்பன் வைத்து அடித்தார். அசலைக் கோயில் பலகையில் ஒட்டினார்கள். மழை அதைத் தின்றது. ஒரு நகல் ஆபீஸ் கோப்பில் போயிற்று. இன்னொன்றைப் பெரிய கிராணி ராமகிருஷ்ணன் மேலிடத்தில் சேர்ப்பதாகச் சொல்லி எடுத்துப் போனார்.

1995இல் தோட்டம் விற்பனையானது. வாங்கியவர்கள் கோல்ஃப் மைதானமும் பங்களாக்களும் கட்டப்போவதாகச் சொன்னார்கள். ‘எங்களுக்கு வேறு எந்த உரிமையும் இல்லை’ என்று எழுதியிருந்த தாளில் பெரும்பாலானவர்கள் கையெழுத்துப் போட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு பட்டணத்துக்குப் போனார்கள். ராக்கம்மாவோடு சேர்த்துப் பதினான்கு குடும்பங்கள் மட்டும் கையெழுத்துப் போடாமல், வழக்குப் போட்டு அங்கேயே இருந்தன. ஆபீசைக் காலி செய்த நாளில் பழைய கோப்புகளை எரிக்கச் சொன்னார்கள். தள்ளுவண்டியில் வைத்து நெருப்புக்குக் கொண்டுபோனவர் இராஜமாணிக்கம். எந்தக் கோப்பில் எது இருந்தது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. சொன்னார்கள், செய்தார்.

பிறகு அவர் சிரம்பானில் அடுக்குமாடி வீடொன்றில் குடியேறி, செனவாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணம் கைகூடவில்லை. 1996இல் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து, டெலிபோன் கம்பியோடு இணைத்து, ஈமெயில் எழுதக் கற்றுக்கொண்டார். அது இணையும்போது தொண்டையில் முள் சிக்கியவன் மாதிரி கத்தும். அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது.

அந்த ஆண்டு சி ரூசா என்ற ஊரில் நடந்த ஒரு கல்யாணத்தில் பழைய தோட்டத்து ஆட்கள் பலர் கூடினார்கள். சிதறிப் போனவர்கள் பேசிக்கொள்ள ஒரு ஈமெயில் குழு வைக்கலாம் என்று யோசனை வந்தது. எல்லாரும் இராஜமாணிக்கத்துக்கு எழுதுவது, அவர் எல்லாருக்கும் அனுப்புவது என்று பேச்சு. தமிழ் எழுத்து ஒருவர் கம்ப்யூட்டரில் தெரிந்தால் இன்னொருவர் கம்ப்யூட்டரில் தெரியாத காலம். ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதிக்கொள்வது என்று முடிவாயிற்று.

“எல்லாம் சரிண்ணே, சண்டை வந்தா?” என்று கேட்டாள் பஞ்சாலை என்பவள். முதல் லயத்துக்காரி, கோலாலம்பூரில் ஆபீஸ் வேலை.

“நம்ம கோயில் ரூல் இருக்குல்ல லா!” என்றார் பேச்சுக்குப் பேச்சு ‘லா’ போடும் கணேசமூர்த்தி. இரண்டாம் லயம்; இப்போது பள்ளிக்கூட ஆசிரியர். “லயத்துக்கு ஒரு ஆளு. ஆறு பேரு. எந்த லெட்டர் வந்தாலும் முதல்ல ஆறு பேருக்குப் போவட்டும். ரெண்டு நாளுக்குள்ள மூணு பேரு எழுந்துட்டா நின்னுச்சு. இல்லாட்டி எல்லாருக்கும் போவட்டும்.”

“எப்படி எழுந்திருக்கிறது? கம்ப்யூட்டரு முன்னால நின்னா யாருக்குத் தெரியும்?”

“எழுந்தேன்னு ஒரு வார்த்தை எழுதினா போதும் லா.”

சாப்பிட்ட கையோடு எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். எவனோ தலைவன், எவனோ துரை என்று இல்லாமல், நம்மை நாமே பார்த்துக்கொள்ளும் குழு என்ற பெருமை அந்தக் கைதட்டலில் இருந்தது. அந்தப் பெருமையில் தப்பில்லை. கடிதங்களைக் கைமாற்றிவிடும் வேலைக்காக இராஜமாணிக்கத்துக்கு ‘மண்டோர்’ என்று கேலிப் பெயர் வைத்தார்கள். அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். வாழ்க்கையில் முதல் முறையாக நாற்பத்தொரு பேர் அவருடைய கடிதத்துக்குக் காத்திருந்தார்கள்.

முதல் சில மாதம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. யாருக்குக் குழந்தை பிறந்தது, பழைய வாத்தியார் எங்கே இருக்கிறார், கோயில் பிரசாதம் என்ன ருசி என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு பகாவில் குடியேறிய ராமசாமி ஒரு கடிதம் அனுப்பினார். தோட்டத்தை விற்றபோது முதலில் கையெழுத்துப் போட்டது யார், யார் பேச்சைக் கேட்டு எல்லாரும் போட்டோம் என்று பேசித் தீர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். ஆறு பேரில் நான்கு பேர் எழுந்தார்கள். இராஜமாணிக்கம் கடிதத்தை நிறுத்தினார்.

ராமசாமி டெலிபோனில் அழுதார். “அறுபது வயசுல ஜாகா வேலை பார்க்கிறேன் தம்பி. ராத்திரி பூரா கேட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு வார்த்தை கேக்கக்கூட எனக்கு உரிமை இல்லையா?”

“ரூலு எல்லாருக்கும் ஒண்ணுதான் அண்ணே” என்றார் இராஜமாணிக்கம்.

ராமசாமி கேட்கவில்லை. மகளை விட்டு நான்கைந்து பேருக்குத் தனித்தனியாக ஈமெயில் எழுத வைத்தார். ஈமெயில் என்றால் என்ன, லயம் என்றால் என்ன? வீடு வீடாகப் போனது போனதுதான் என்று ஆறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ராமசாமியை ஒதுக்கி வைத்தார்கள். பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்தது இராஜமாணிக்கத்தின் விரல். நாற்பத்தொன்று நாற்பதாயிற்று. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஆனாலும் தான் செய்தது சரி என்றுதான் நினைத்தார்.

1997 செப்டம்பரில் ஊரெல்லாம் புகைமூட்டம். சூரியனே தெரியாமல், கண் எரிந்துகொண்டு, பிள்ளைகள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு திரிந்த நாட்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ராக்கம்மா பஸ் ஏறி சிரம்பானுக்கு வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வீட்டின் பின்னால் அவளே வைத்த மரத்துப் பழம்.

“கேசு அடுத்த மாசக் கடைசியில வருதாம் தம்பி. லாயர் சொல்றாரு, அந்தத் துரை குடுத்த லெட்டரு ஒண்ணு கிடைச்சாப் போதுமாம். வீட்டு மேல யாரும் கைவைக்க முடியாதாம்.”

“நான்தான் அடிச்சேன்னு நானே வந்து சொல்றேன்க்கா.”

“அதையும் கேட்டேன். நீ என் தம்பியாம். உன் வாய்ச்சொல்லு செல்லாதாம். தாளு வேணுமாம்.” அவள் இருமினாள். “நீ அந்தக் கம்ப்யூட்டர்ல எல்லாத்துக்கும் எழுதுவியாமே. கேளேன். யாரு பெட்டியிலயாவது ஒரு காப்பி கிடக்கும். நம்ம ஆளுங்கதானே, இருந்தா குடுக்காமலா போயிடுவாங்க?”

அவள் கிளம்பிய உடனே அவர் உட்கார்ந்து எழுதினார். நான்கே வரி. 1984ஆம் வருடத்துக் கடிதத்தின் நகல் யாரிடமாவது இருக்கிறதா, பதினான்கு குடும்பங்களின் வீடு அதில்தான் இருக்கிறது, தயவுசெய்து தேடிப் பாருங்கள். விதிப்படி ஆறு பேருக்கும் அனுப்பினார். விதிப்படி இரண்டு நாள் காத்திருந்தார்.

முதலில் எழுந்தது நான்காம் லயத்து ஆறுமுகம். அவர் லோரி வைத்துக் காண்ட்ராக்ட் எடுப்பவர். தோட்டத்தை வாங்கியவர்களிடமே மண் அடிக்கிறார் என்று கேள்வி. இரண்டாவதாகக் கணேசமூர்த்தி எழுந்தார். மூன்றாவது பெயரைப் பார்க்கும் வரைக்கும் இராஜமாணிக்கத்துக்கு நம்பிக்கை இருந்தது. முதல் லயத்துக்கான ஆள் பஞ்சாலை; அவள் அப்படிச் செய்ய மாட்டாள்.

செவ்வாய்க்கிழமை மாலை வேலையிலிருந்து வந்து இணைத்தார். கம்ப்யூட்டர் கத்தி முடித்ததும் பஞ்சாலையிடமிருந்து ஒரே ஒரு கடிதம். ‘எழுந்தேன் அண்ணே. மன்னித்துவிடுங்கள். முதல் கையெழுத்து எங்கள் அப்பா போட்டது. இந்தப் பேச்சு வந்தால் அது வரும். அப்பா இன்னும் உயிரோடு இருக்கிறார்.’

அவர் கணேசமூர்த்திக்கு டெலிபோன் செய்தார். வாழ்நாளில் முதல் தடவையாகக் கெஞ்சினார்.

“வாத்தியாரே, சண்டைக்கு இல்ல. ஒரு தாளைத்தான் கேக்கறேன்.”

“புரியுது லா மாணிக்கம். ஆனா யோசிச்சுப் பாரு. அந்த லெட்டரு கிடைச்சா, கையெழுத்துப் போட்டவன்லாம் ஏமாந்தவன்னு ஆயிடும். முப்பது பேரு மனசு என்னாவும்? ராமசாமிக்கு நிறுத்தினே. உங்க அக்கான்னதும் விடச் சொன்னா நல்லாவா இருக்கு?”

வாத்தியார் நல்ல மனிதர். மாணவர்களுக்குச் சொந்தச் செலவில் புத்தகம் வாங்கிக் கொடுப்பவர். அவர் சொன்னதில் இராஜமாணிக்கத்தால் ஒரு ஓட்டையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் கொடுமை.

நாற்பது பேரின் முகவரியும் அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது. ஒரு விரலை அழுத்தினால் போதும். அது முடியாவிட்டால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நான்கு வரி எழுதலாம். ஒரு மாலைப் பொழுது வேலை. ஆனால் அது வீடு வீடாகப் போவது. தோட்டம் இல்லை, லயம் இல்லை, கோயிலைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். ஆனாலும் இந்த மனிதர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, இல்லாத லயத்தின் இல்லாத கதவுகளைத் தட்டப் பயந்தார். தெரிந்தவர்களைக் கல்யாண வீட்டில் பார்த்தபோதுகூட வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினார். வேறு யாராவது இதைச் செய்தார்கள் என்று கேட்டால் சிரிப்பு வரும். கல்லுமலைக்காரர்களுக்குச் சிரிப்பு வராது. அவர்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இரண்டு வாரம் கழித்து ராக்கம்மா பக்கத்துச் சீனர் கடையிலிருந்து டெலிபோன் செய்தாள்.

“கேட்டியா தம்பி?”

“கேட்டேன்க்கா.” அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “யாருகிட்டயும் இல்லையாம்.”

“எல்லாத்துகிட்டயும் கேட்டியா?”

“எல்லாத்துகிட்டயும்தான்.”

“சரி விடு. பாவம், வச்சிக்கிட்டா இல்லேங்கறாங்க? நீ மனசைப் போட்டு அலட்டிக்காதே. வேளைக்குச் சாப்பிடு” என்றாள். ரிசீவரை வைத்த பிறகும் அவர் கை அதன் மேலேயே இருந்தது.

அக்டோபர் கடைசியில் வழக்கு தள்ளுபடியானது. எழுத்து மூலமான ஆதாரம் எதுவும் இல்லை என்று முடிந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் இயந்திரம் வந்தது. பதினான்கு வீட்டுக்காரர்களும் சாமான்களைச் சாலையோரம் போட்டுக்கொண்டு பார்த்திருந்தார்கள். மூன்றாம் லயம் முழுதாக விழ ஒரு காலை நேரம்கூட ஆகவில்லை. பலகைகளை அள்ளிக்கொண்டு போனது ஆறுமுகத்தின் லோரி. ஏறி உட்காரும் முன் அவர் ராக்கம்மாவிடம் வந்து, “நல்லா இருக்கியா அக்கா?” என்று கேட்டாராம். அவளும் நல்லா இருப்பதாகச் சொன்னாளாம்.

அவள் தம்பி வீட்டுக்கு வந்தாள். இரண்டு மூட்டை, ஒரு மாரியம்மன் படம், கதவிலிருந்து கழற்றிய ஏழாம் எண் தகடு. நான்காம் மாடி அவளுக்குப் பிடிக்கவில்லை. மண்ணை மிதிக்காமல் எப்படி இருப்பது என்று முதல் வாரம் மட்டும் கேட்டாள், பிறகு கேட்கவில்லை. அதே சமயத்தில் நாட்டில் பண நெருக்கடி வந்து, கோல்ஃப் மைதானக்காரர்கள் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுப் போனார்கள். மூன்றாம் லயம் இருந்த இடத்தில் லாலாங் புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. இடித்ததற்கு ஒரு செங்கல் பிரயோஜனம்கூட யாருக்கும் இல்லை.

குழு மட்டும் நன்றாக நடந்தது. பொங்கல் வாழ்த்து, பழைய போட்டோ, துணுக்கு. ‘மற்ற குழுக்களில் எல்லாம் அடிதடி, வசவு. நம் கல்லுமலையில் மட்டும் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. நம் மண்டோருக்கு நன்றி’ என்று யாரோ எழுதினார்கள். இருபது பேர் ஆமாம் போட்டார்கள். அந்த இருபது கடிதத்தையும் ஆறு பேருக்கு அனுப்பி, காத்திருந்து, எல்லாருக்கும் அனுப்பினார் இராஜமாணிக்கம். யாரும் எழுந்திருக்கவில்லை.

1998 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சமையலறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து ராக்கம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் கம்ப்யூட்டரை இணைத்தார். சந்திரனிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. பெரிய கிராணி ராமகிருஷ்ணனின் மகன். ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கிறான். குழு தொடங்கிய நாளிலிருந்து பட்டியலில் இருப்பவன். ஒருநாளும் எதுவும் எழுதியதில்லை, வந்ததை எல்லாம் படிப்பதோடு சரி.

‘எல்லாருக்கும் வணக்கம். அப்பா போய் ஐந்து வருடம் ஆகிறது. அவருடைய பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. வீடு மாற்றும்போது திறந்தேன். துரை கொடுத்த ஒரு கடிதத்தின் கார்பன் நகல் இருந்தது. மேலிடத்தில் கொடுத்தால் காணாமல் போய்விடும் என்று அப்பா கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டாராம். தோட்டத்து ஆட்கள் என்றைக்காவது கேட்பார்கள், கேட்டால் உடனே கொடு என்று சாகும்வரை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. பழைய ஞாபகத்துக்காக வரி விடாமல் கீழே எழுதியிருக்கிறேன். கடைசியில் தட்டச்சு செய்தவரின் முதல் எழுத்துகள் இருக்கின்றன. அது யார் என்று தெரியவில்லை.’

கீழே அந்தக் கடிதம் இருந்தது. ஒரு சொல் மாறவில்லை. கடைசி வரியில் அவருடைய பெயரின் முதல் எழுத்துகள். பதினான்கு வருடத்துக்கு முன் தன் விரலே அடித்த எழுத்துகள்.

இராஜமாணிக்கம் அதை மூன்று முறை படித்தார். பிறகு, நம்பினாலும் நம்பாவிட்டாலும், பழக்கத்தில் அதை ஆறு பேருக்கும் அனுப்பக் கை போயிற்று. அந்தக் கையைப் பார்த்து அவருக்கே அருவருப்பு வந்தது. அப்பாவின் கை வெட்டுப்பட்டு மடங்கிப் போனது. இவருடைய கைக்கு ஒரு குறையும் இல்லை.

“யாரு எழுதியிருக்கா தம்பி? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“ஒண்ணுமில்லக்கா” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வரவில்லை. இன்னொரு பொய்யைப் போட அவருக்குள் இடமில்லை. எழுந்து வந்து அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

“அக்கா. அந்த லெட்டரு கிடைச்சிருக்கு. பெரிய கிராணி மவன்கிட்ட இருந்திருக்கு.”

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் பின்னால் பலமுறை நினைத்தார். மலர்ந்த முகம் மெல்லக் குழம்பிற்று.

“அந்தப் பையன்தான் அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கான்னு சொன்னியே. நீ கேட்டப்போ அவன் இல்லேன்னானா?”

“அவனை நான் கேக்கலக்கா.”

“ஏன்?”

“யாரையும் கேக்கல. ஆறு பேருக்குத்தான் போச்சு. மூணு பேரு எழுந்துட்டாங்க. அப்புறம் வீடு வீடாப் போவக் கூடாதுன்னு...”

“யாரையும்” என்றாள் அவள், கேள்வியாக இல்லாமல்.

“பொய் சொல்லிட்டேன்க்கா. நான் நினைச்சேன், ராமசாமி அண்ணனுக்கு நிறுத்திட்டு எனக்கு மட்டும் எப்படி... அப்பாவோட கை... அந்த ரூலு இல்லாட்டி...”

அவர் பேசிக்கொண்டே போனார். காரணங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. ராக்கம்மா மடியிலிருந்த கீரையைத் தட்டில் கொட்டினாள். ஒரு கையைத் தரையில் ஊன்றி, வாதம் பிடித்த முட்டியை மெல்ல நிமிர்த்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எங்கும் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, அவர் தலைக்கு மேலே எங்கோ பார்த்தபடி, வாய் திறக்காமல் நின்றாள். தோட்டத்தில் இருந்த காலமெல்லாம் கூட்டத்தில் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தவள் அவள்.

ஒருவர் எழுந்தால் போதாது. மூன்று பேர் வேண்டும், மூன்றும் வேறு வேறு லயமாக இருக்க வேண்டும். இராஜமாணிக்கத்துக்கு அது தெரியாதா? பாதியில் நின்ற வார்த்தையை விழுங்கிக்கொண்டு அவர் தலையைக் குனிந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்தாள்.